மௌரீனின் கன்னமும் மூன்றாம் ஓலையும்

விவேக் நகரில் மௌரீன் டீச்சரைத் தெரியாதவர் கிடையாது. எங்கள் கோவில் பாடற்குழுவில் முதல் குரல் அவளுடையதுதான். கணவர் இறந்து பதினோரு வருடம். இப்போது ஐம்பத்திரண்டு வயதில், ஆர்கன் வாசிக்கும் ஹெர்பர்ட்டைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாள். மூன்று ஞாயிறு பூசையில் ஃபாதர் மணமக்களின் பெயர்களை வாசித்து, இந்தக் கல்யாணத்துக்கு ஆட்சேபம் உண்டா என்று கேட்பது வழக்கம். அதை ஓலை என்போம். முதல் ஓலைக்கே பாடற்குழு மொத்தமும் கைதட்டிவிட்டோம். தட்டக் கூடாதுதான், யாரால் அடக்க முடிந்தது?

இரண்டாம் ஓலையன்று அவளுக்குக் கன்னம் இரண்டும் உப்பியிருந்தன. பல்வலி என்றாள். ஹெர்பர்ட் ஓடிப்போய்க் கிராம்புத் தைலம் வாங்கி வந்தார், பாவம்.

மறுநாள் நான் நர்ஸாக இருக்கும் ஸ்கின் கிளினிக்கில் வந்து நிற்கிறாள்! பருத் தழும்புக் குழிகளை லேசரில் வழவழப்பாக்க வேண்டுமாம், கல்யாணத்துக்கு மூன்றே வாரம்தானாம். என்னைக் கண்டதும் முகம் வெளுத்துவிட்டது. அண்மையில் முகத்தில் குழியை நிரப்பி மேடாக்கும் ஃபில்லர் ஊசி போட்டதுண்டா என்று படிவத்தில் இருந்த கேள்விக்கு, இல்லை என்று டிக் அடித்தாள். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. பல்வலியில் இரண்டு கன்னமும் ஒரே அளவாகவா வீங்கும்? தனியே கூட்டிப்போனேன்.

"மௌரீன், இங்க நான் பாட்டுக்காரி இல்ல, நர்ஸ். ஃபில்லர் போட்டியா?"

அழுதுவிட்டாள். நாலு நாள் முன்பு வேறோர் இடத்தில் போட்டிருக்கிறாள். நான் பாடற்குழு முழுக்கச் சொல்லிவிடுவேன் என்று பயமாம். என் வாய் அப்படித்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கிளினிக் வாசலில் அதைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போவேன். இதைக்கூட அவளே ஊருக்கெல்லாம் சொல்லிச் சிரித்த பிறகுதான் எழுதுகிறேன்.

எங்கள் கிளினிக் டாக்டர் வீணா திட்டவில்லை. ஃபில்லர் இன்னும் படியவில்லை, அதன் மேல் ஆழமாக லேசர் கொடுத்தால் வீக்கம் கூடலாம், புண்ணான தோலில் கிருமி தொற்றலாம் என்று விளக்கினார். லேசரை முதலில் செய்துவிட்டு ஃபில்லருக்குப் போயிருந்தால் சுலபமாக இருந்திருக்கும் என்றார்.

"ஸ்வல்ப பொறுங்கம்மா. கல்யாணம் முடிச்சிட்டு வாங்க, பாக்கலாம்" என்றார், கொஞ்சம் என்பதற்கு ஸ்வல்ப என்னும் தன் கன்னடத் தமிழில்.

குழி விழுந்த கன்னத்தோடு மணப்பெண்ணாக நிற்பதா என்று மௌரீன் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் என்னிடம் புலம்பினாள். கடைசியில், மூன்றாம் ஓலைக்கு முன்பே ஹெர்பர்ட்டிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது, ஆட்சேபம் இருந்தால் அவரே சொல்லட்டும் என்று முடிவெடுத்தாள். ஞாயிறு காலை ஆர்கன் பக்கத்தில் வைத்துச் சொன்னாள். பாட்டுப் புத்தகங்களை அடுக்குவது போல நானும் அங்கேயே நின்றேன்.

ஹெர்பர்ட் பொறுமையாகக் கேட்டார். திரும்பாமலே பாடற்குழுவைப் பார்க்க ஆர்கன் மேல் அவருக்கு ஒரு சின்னக் கண்ணாடி உண்டு, அதைக் காட்டினார்.

"லேசர் உன் இஷ்டம், செஞ்சிக்கோ. ஆனா பன்னெண்டு பேரும் ஒரே நீலச் சேலையில நிக்கிறீங்க. இத்தன வருஷமா இதுல நான் உன்னக் கண்டுபுடிக்கிறது அந்தக் கன்னத்த வச்சிதான்."

கொஞ்சம் யோசித்து, பல்வலி இல்லையென்றால் அந்தத் தைலத்தைத் திருப்பிக் கொடு என்றார்.

ஃபாதர் மூன்றாம் ஓலையை வாசித்து, ஆட்சேபம் உண்டா என்று கேட்டார். மௌரீன் கண்ணாடியைப் பார்த்துக் கன்னம் நிறையச் சிரித்தாள். ஹெர்பர்ட் அடுத்த பாட்டைத் தப்பான சுருதியில் ஆரம்பித்தார்.