நிறுத்தி வைத்த மாத்திரை

என் உடம்பில் இப்போது வேலை செய்வது என் தம்பியின் சிறுநீரகம். அவன் நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகை போட்டிருக்கிறான். நான் திண்டுக்கல்லில் தபால் நிலையத்தில் வேலை பார்க்கிறேன். அவன் என்னைவிட ஏழு வயது சின்னவன். எனக்கு இரண்டு சிறுநீரகங்களும் பழுதாகிவிட்டன என்று மதுரையில் டாக்டரம்மா சொன்ன அன்று, அவனாகவே முன்னால் வந்து தன்னுடையது பொருந்துமா என்று பார்க்கச் சொன்னான். பொருந்தியது.

அதன் பிறகு எப்போது போன் பேசினாலும் அவனுடைய முதல் கேள்வி ஒன்றுதான்: "நம்மாளு எப்படிக்கா இருக்காரு?" அவன் கொடுத்த சிறுநீரகத்தைத்தான் கேட்கிறான்; அது ஒழுங்காக வேலை செய்கிறதா என்று காட்டும் கிரியாட்டினின் அளவைச் சொல்வேன். ஒன்றுக்குப் பக்கத்தில் இருந்தால் சிரிப்பான். ஒன்றரைக்குப் போனால், தண்ணீர் குடிக்கிறேனா இல்லையா என்று என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு விசாரிப்பான்.

மாற்றுச் சிறுநீரகத்தோடு வாழ்வது என்றால் ஆயுசுக்கும் மாத்திரை. இரத்தத்தில் டி செல் என்று ஒருவகை வெள்ளை அணு இருக்கிறது, வேற்று ஆளைக் கண்டால் அது தாக்கும், கூடப்பிறந்தவன் கொடுத்தது என்றெல்லாம் அதற்குத் தெரியாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அதை அடக்கி வைப்பதற்கு மூன்று மாத்திரைகள். ஒருவேளை தவறினாலும் எனக்குப் படபடப்பாக இருக்கும்.

கொரோனா வந்தபோதுதான் அந்த அடக்குதலின் இன்னொரு பக்கம் தெரிந்தது. கிருமியைத் தாக்க வேண்டியவையும் அதே செல்கள்தான். இரண்டாம் அலையின்போது நான் வாசல் கேட்டைத் தாண்டவில்லை. தடுப்பூசி இரண்டு தடவை போட்டுக்கொண்டேன். அப்புறம் ஆன்டிபாடி பரிசோதனை செய்து பார்த்தால் ஒன்றுமே இல்லை என்று வந்தது. அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். போட்டதும் வீண், பட்ட காய்ச்சலும் வீண் என்றிருந்தது.

டாக்டரம்மா போனில் ரொம்பப் பொறுமையாக விளக்கினார். அந்தப் பரிசோதனை ஆன்டிபாடியை மட்டும்தான் காட்டும், டி செல் பழகியிருக்கிறதா என்று அதில் தெரியாது என்றார். ஆன்டிபாடி கிருமியின் மேலுள்ள முள்ளைப் பார்த்துப் பிடிக்கிறது. புதுப்புது உருமாற்றம் வரும்போது முள் மாறிவிடுவதால் ஏமாந்துபோகிறது. டி செல்லோ, கிருமி புகுந்த செல் வெளியே எடுத்துக் காட்டும் சின்னச் சின்னத் துண்டுகளைப் பார்க்கிறது. அந்தத் துண்டுகளில் பாதிக்கு மேல் மாறாமலே இருக்கும். நோய் ஒட்டாமல் அது தடுக்காது, ஆனால் முற்றவிடாமல் பார்த்துக்கொள்ளலாம். உங்களுக்கு இருக்கிறதென்று உறுதி சொல்ல மாட்டேன், இல்லையென்றும் சொல்ல மாட்டேன் என்று முடித்தார்.

இதைத் தம்பியிடம் சொன்னேன். கேட்டுவிட்டுக் கொஞ்சம் யோசித்தான். "சட்டைய மாத்திக்கிட்டு வந்தாலும் நடையப் பாத்தே இன்னாருன்னு சொல்லிருவாகள்ல, அந்த மாதிரின்னு சொல்லு" என்றான். டாக்டரம்மா அரைமணி நேரம் சொன்னதை இவன் ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டானே என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

அடுத்து வந்த தை மாதம் பொங்கலுக்கு அவன் வீட்டுக்குப் போனேன். இரண்டு வருஷம் கழித்துப் போகிறேன். தம்பி பெண்டாட்டி பருப்புக்குழம்பும் தொட்டுக்கொள்ள நாலு வெஞ்சனமும் வைத்திருந்தாள். அவனுக்குத் தொண்டை கரகரத்தது. பனியில் பூ எடுத்தால் தொண்டை கட்டத்தானே செய்யும் என்று அவனும் சொன்னான், நானும் நம்பினேன். தட்டை வழித்துச் சாப்பிட்டோம், பக்கத்தில் உட்கார்ந்து பேசினோம்.

நாலாம் நாள் எனக்குக் காய்ச்சல். சோதித்ததில் கொரோனா என்று வந்தது. ஊரெல்லாம் ஒமிக்ரான் பேச்சாக இருந்த சமயம். அவனும் போய்ச் சோதித்துக்கொண்டான். அவனுக்கும் அதே.

டாக்டரம்மா மூன்று மாத்திரையில் ஒன்றைச் சில நாளைக்கு நிறுத்தச் சொன்னார். டி செல்கள் கொஞ்சம் தலைதூக்கட்டும் என்பதற்காக. அதில் ஆபத்து இல்லையா என்று கேட்டேன். இருக்கிறது, சிறுநீரகத்தின்மேல் அவை திரும்பினாலும் திரும்பலாம், ஆனால் இப்போது முதலில் உயிரைப் பார்க்க வேண்டும் என்றார்.

என்னால் அந்த மாத்திரையை விட முடியவில்லை. மேசைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். என் சொந்தச் சிறுநீரகமாக இருந்தால் யோசித்திருக்க மாட்டேன். அவன் வயிற்றைக் கிழித்துக் கொடுத்ததை நான் எப்படிப் பணயம் வைப்பது? கடைசியில் அவனுக்கே போன் செய்து சொன்னேன்.

"அவரு போனாப் போறாருக்கா" என்றான். "உன்னைய விட்டுட்டு அவர மட்டும் வச்சு நான் என்ன செய்யப்போறேன்? மாத்திரைய நிப்பாட்டு."

தன்னிடமிருந்து எனக்கு ஒட்டிய நோய் என்பதை அவன் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டு மாத்திரை அட்டையை என் வீட்டுக்காரரிடம் கொடுத்து, கண்ணில் படாத இடத்தில் வைக்கச் சொன்னேன்.

மூன்று நாள் காய்ச்சல், ஒரு வாரம் இருமல். விரலில் மாட்டும் கருவியில் ஆக்சிஜன் அளவு தொண்ணூற்றைந்துக்குக் கீழே இறங்கவேயில்லை. என் வீட்டுக்காரர் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து மணிக்கொரு தரம் கேட்டு எழுதிக்கொண்டார். பத்தாம் நாள் மாத்திரையைத் திரும்பத் தொடங்கினேன். கிரியாட்டினின் கொஞ்சம் ஏறிப் பயமுறுத்தியது. இரண்டு வாரத்தில் பழைய இடத்துக்கு வந்துவிட்டது.

என்னைக் காப்பாற்றியது டி செல்தானா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். இருக்கலாம், ஒமிக்ரான் உருமாற்றம் கொஞ்சம் லேசாக இருந்ததும் காரணமாக இருக்கலாம், அளந்து பார்க்காமல் சொல்ல முடியாது என்றார். தம்பிக்கு மட்டும் சந்தேகமே இல்லை. பூ மார்க்கெட்டில் பார்க்கிறவர்களிடமெல்லாம் டி செல்லைப் பற்றிப் பேசியிருக்கிறான்.

இதற்கிடையில், அவன் தடுப்பூசி ஒரு தடவைதான் போட்டிருந்தான் என்பது தெரியவந்தது. உங்களைச் சுற்றி இருப்பவர்கள் போட்டுக்கொள்வது உங்களுக்குத்தான் காவல் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நோய் வந்து மூன்று மாதம் கழிய வேண்டும் என்பதால், சித்திரையில் ஒருநாள் நானே பஸ் ஏறிப்போய் அவனை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். தம்பி பெண்டாட்டியும் வந்தாள். நர்ஸ் ஊசியை எடுத்ததும் அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு என் இரண்டு விரலை இறுகப் பிடித்தான். நெற்றியெல்லாம் வியர்வை. எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

"இப்படித்தான் மதினி" என்றாள் அவள். "ஆபரேசன் சமயத்துலயும் ஒவ்வொரு ஊசிக்கும் சுவத்தப் பாத்துத் திரும்பிக்குவாரு. உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு."

அப்போது நான் வேறொரு அறையில் படுத்திருந்தேன். இத்தனை வருஷமாக இது எனக்குத் தெரியாது. ஊசி போட்டு முடித்து நர்ஸ் பஞ்சை வைத்து அழுத்தினாள். அவன் இன்னும் திரும்பவில்லை. "முடிஞ்சதா?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டான். "முடிஞ்சது அப்பு" என்றேன். விரலை மட்டும் விடவில்லை, நானும் எடுத்துக்கொள்ளவில்லை.