டோக்கன் ராமுத்தாய்

அம்மாவின் பதினாறாம் நாள் காரியத்துக்கு பிளக்ஸ் அடிக்க வேண்டும் என்றான் யோகராஜ். போடியில் எந்தச் சாவுக்கும் அது இல்லாமல் முடியாது. ஆளின் பெயரோடு ஊர் கூப்பிடும் பட்டப்பெயரையும் போட்டுவிடுவார்கள். இல்லாவிட்டால் எந்த ராமுத்தாய் என்று யாருக்குத் தெரியும்? அவன் எழுதி வைத்திருந்த தாளை அக்கா ரேணுகா எட்டிப் பார்த்தாள். 'டோக்கன் ராமுத்தாய்' என்றிருந்தது.

"அது வேண்டாம் தம்பி."

"ஏக்கா? ஊரே அப்படித்தான கூப்பிட்டுச்சு. அம்மா என்னைக்காச்சும் கோவிச்சுக்கிருச்சா?"

அந்தப் பெயர் வந்தபோது அவன் தொட்டிலில் கிடந்தான். ரேணுகா ஏழாவது படித்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் தங்கை பொன்னுமணி எதையோ தேடி அம்மாவின் டிரங்குப்பெட்டியைக் குடைந்தவள், அடியிலிருந்து ஒரு மஞ்சள் வில்லையை எடுத்தாள். அதில் ஒரு பக்கம் பொட்டுத் துணியில்லாமல் ஒருத்தி உருவம் புடைத்து நின்றாள். திருப்பினால் அவளே முதுகையும் மற்றதையும் காட்டிக்கொண்டு நின்றாள். சுற்றிலும் இங்கிலீஷ் எழுத்து, வெள்ளைக்காரன் காலத்து வருசம்.

"ஏலக்காய்ச் சாக்குல கெடந்துச்சு. தூக்கிப் போட்டா பிள்ளைக கையில ஆப்புடுமேன்னு உள்ள போட்டேன்," என்றாள் அம்மா.

அவள் ஏலக்காய்க் கடையில் காய் பொறுக்கினாள். சாக்கில் பொத்தான், ஆணி, சில்லறை என்று எது கிடந்தாலும் எடுத்தவளுக்கே சொந்தம். தங்கமென்றால் மட்டும் முதலாளியிடம் கொடுத்துவிட வேண்டும். இது எல்லாருக்கும் தெரிந்த வழக்கம்தான். ஆனால் அத்தைக்கு வேறொன்றும் தெரியும். கல்யாணத்துக்கு முன்னால், இருபது வயதைத் தாண்டியபின், அம்மா மலைமேல் எஸ்டேட் பங்களாவில் சமையல் வேலை பார்த்தவள். கடைசித் துரை ஊரைவிட்டுப் போகும்வரை அங்கேதான் இருந்தாள்.

"துரை கூப்புடுற பொம்பளைக்குக் குடுக்குற டோக்கனாம்ல இது," என்றாள் அத்தை. யார் சொன்னது என்று ஒருவரும் கேட்கவில்லை.

அப்பா சண்டை போடவில்லை. அம்மாவிடம் தண்ணீர் கேட்பதை மட்டும் நிறுத்திவிட்டார். தாகமெடுத்தால் ரேணுகாவைக் கூப்பிட்டார். சாகும்வரை அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் சத்துணவு வரிசையில் நின்றால், "ஒனக்கு டோக்கன் இருக்கா?" என்று பின்னாலிருந்து கேட்டார்கள். ரேணுகா தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் பள்ளிக்கூடத்தை விட்டாள். அம்மாவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து காய் பொறுக்கக் கற்றுக்கொண்டாள். அத்தனை வருடமும் இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

அத்தை சொன்னது பொய்யென்று உறுதியாகத் தெரிந்தால் தம்பியிடம் அடித்துச் சொல்லலாம். அவளுக்கே தெரியாது.

வில்லை இன்னும் பெட்டியில்தான் கிடந்தது. அழுக்கோடு எப்படிக் கொண்டுபோவது என்று அதைப் புளி போட்டு விளக்கினாள். முந்தானையில் முடிந்துகொண்டு சௌந்தரபாண்டியன் கடைக்குப் போனாள். பலசரக்குக் கடைதான், ஆனால் அவர் பழைய காசு சேர்ப்பவர், பள்ளிக்கூடங்களில் கண்காட்சி வைப்பவர். எந்தப் பக்கத்தை மேலே வைத்தாலும் வெட்கம்தான். கண்ணை மூடிக்கொண்டு அவர் மேசையில் வைத்தாள்.

கல்லாவில் இருந்த அவர் மனைவி ரெபேக்காள் எட்டிப் பார்த்தாள். "இத அங்கிட்டு வச்சுப் பாருங்க. ஜெபக்கூட்டத்துக்கு ஆள் வர்ற நேரம்."

"புளி போட்டு விளக்குனியா தாயி?" என்றார் சௌந்தரபாண்டியன்.

"ஆமா அண்ணாச்சி."

"விளக்குனா மட்டும் இவ சேலை கட்டிக்கிருவாளா? பழசை விளக்கக் கூடாது. களிம்பு போயிட்டா வயசு சொல்றது கஷ்டம்."

அவர் பூதக்கண்ணாடியை வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"இதுல நீ விளக்குனதும் நல்லதாப் போச்சு. இடுப்புகிட்ட மஞ்சள் போயி வெள்ளையாத் தெரியுது பாரு. பித்தளைன்னா எம்புட்டுத் தேய்ச்சாலும் உள்ளயும் மஞ்சத்தான். இது முலாம். ஓரத்துல கோடு ஓடுதா? ரெண்டு அச்சைச் சேத்து ஊத்துனது. தலைக்கு மேல ஒரு முண்டு இருக்கே, அதுல வளையம் இருந்து ஒடிஞ்சிருக்கு. சாவிக்கொத்துல தொங்குற சாமான் தாயி. மூணாறு பக்கம் டூரிஸ்ட்டுக்கு விப்பாங்க."

"வெள்ளைக்காரன் வருசம் போட்டிருக்குன்னாங்களே."

"எந்த வருசத்தையும் போட்டுக்கிறலாம். இதே மாதிரி வேற ரெண்டு பாத்துட்டேன். எல்லாத்துலயும் இதே தோள்ல இதே குழி. அச்சுலயே இருந்த குழி." அவர் டப்பாவிலிருந்து வேறொரு தகட்டை எடுத்து வைத்தார். நடுவில் ஓட்டை, ஒரு எண், வேறொன்றுமில்லை. "துரைமாரு குடுத்த டோக்கன் இதுதான். வேலைக்கு வந்த ஆளுக்கு அடையாளம்."

"துரை இருந்தப்ப நான் கொண்டாந்த வில்லை இருந்திருக்காதா?"

"அவுக போயி ரொம்ப வருசம் கழிச்சு வந்த சரக்கு. ஒனக்கு ஏது?"

"சாக்குல கெடந்துச்சுன்னு அம்மா சொன்னுச்சு."

"இருக்கும். லோடு ஏத்துன ஜீப்புக்காரன் சாவியிலருந்து விழுந்திருக்கும்."

அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. நாள் முழுக்கக் காய் பொறுக்கிய விரல்நுனிபோல உள்ளே மரத்துக் கிடந்தது. நேராக அத்தை வீட்டுக்குப் போய்ச் சொன்னாள்.

பொன்னுமணி வெற்றிலையை மென்றபடியே கேட்டாள். "அப்ப ஜீப்புக்காரன் குடுத்ததா?" என்றாள். பிறகு, "காபி குடிக்கிறியா ஆத்தா?" என்றாள்.

"வேணாம் அத்தை."

வீட்டுக்கு வந்து அவள் சொன்னதை யோகராஜ் முழுதும் கேட்டுக்கொண்டான். "அப்ப வில்லங்கமே இல்லையேக்கா. துரைகிட்ட வாங்குனது இல்லைன்னு ஆகிப்போச்சு. பேரைப் போட்டா இப்ப என்ன?"

ரேணுகா அவனிடமிருந்து தாளை வாங்கிக்கொண்டு பிளக்ஸ் கடைக்கு அவளே போனாள். அப்படி ஒரு கடைக்குள் அவள் தனியாக ஏறியது அதுதான் முதல் தடவை. முதல் வார்த்தையை அங்கிருந்த பேனாவால் அடித்தாள்.

"முன்னாடி ஒண்ணுமே இல்லாட்டி மொட்டையா இருக்கும்க்கா," என்றான் கடைக்காரன்.

"இருக்கட்டும்."

காரியத்தன்று காலையில் தெருமுக்குக் கம்பத்தில் பிளக்ஸ் ஏறியது. வெறும் ராமுத்தாய். காரியம் முடிந்த மறுநாள் ரேணுகா வேலைக்குப் போகும்போது சுமைக்காரர்கள் இருவர் டீ கிளாசோடு அதன் கீழே நின்றிருந்தார்கள்.

"எந்த ராமுத்தாய்ப்பா இது?"

"படத்தைப் பாரு மாப்ளே. நம்ம டோக்கன் ராமுத்தாய்."

"அட, அதுவா? நல்ல பொம்பளையாச்சே."

ரேணுகா அவர்களைக் கடந்து போனாள். ஏலக்காய்க் கடையில் புதுக் காய் இறங்கியிருந்தது. ஒரு சாக்கைத் தன் பக்கம் இழுத்து, தையலைப் பிரித்தாள்.