விட்டமின்தான் என்று சொல்லிக்கொண்டோம்

நூறிலிருந்து ஏழேழாகக் கழித்துக்கொண்டே வரச் சொன்னார் டாக்டர். தமிழ்ப் பெண், என் மகளைவிடச் சின்னவர். தொண்ணூற்று மூன்று என்றேன். எண்பத்தாறு என்றேன். அதன் பிறகு ஒன்றும் வரவில்லை. பினாங்கின் பட்டர்வொர்த் துறைமுகத்தில் முப்பத்தொரு வருடம் டேலி கிளார்க்காக இருந்தவன் நான். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணுவதுதான் வேலை. ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. படிகளை எண்ணித்தான் ஏறுவேன், கிளினிக்கில் காத்திருந்தால் மின்விசிறிகளை எண்ணுவேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தாள்.

மகளுக்குப் புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை. வீடும் அந்தப் பக்கம்தான். மனைவி இறந்த பிறகு ஜார்ஜ் டவுன் அடுக்குமாடி வீட்டில் நான் தனியாக இருக்கிறேன். இரண்டு முறை அடுப்பை அணைக்க மறந்துவிட்டேன். அதனால்தான் இந்தப் பரிசோதனை. மூளை தேய்கிறது என்று தெரிந்தால் வீட்டைக் காலி செய்துவிட்டு மகளோடு போய்விட வேண்டும் என்று பேச்சு. அங்கே எனக்குக் குறை ஒன்றும் இராது. ஆனாலும் அது என் வீடு அல்ல.

"மனசு பாரமா இருக்கா, அங்கிள்?" என்று டாக்டர் கேட்டார்.

"அதெல்லாம் ஒன்னுமில்ல டாக்டர். சாப்பிடுறேன், தூங்குறேன்."

ரத்தப் பரிசோதனையில் விட்டமின் டி மிகவும் குறைவு என்று வந்தது. மகளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தீங்களாப்பா, விட்டமின்தான்! வேற ஒன்னுமில்ல" என்றாள். டாக்டர் அவ்வளவு உறுதியாகச் சொல்லவில்லை. இந்தச் சத்து குறைந்தவர்களிடம் மனச்சோர்வும் மறதியும் கூடுதலாகத்தான் காணப்படுகின்றன. ஆனால் சத்துக் குறைவால் சோர்வு வருகிறதா, சோர்ந்துபோய் வீட்டுக்குள்ளேயே கிடப்பதால் சத்து குறைகிறதா என்பது தெளிவாகவில்லை என்றார். நாங்கள் முதல் பாதியை மட்டும் வீட்டுக்கு எடுத்து வந்தோம்.

விட்டமின் குறை என்பது வெளியே சொல்லக்கூடிய நோய். கீழ்த்தளத்தில் தேநீர்க் கடை வைத்திருக்கும் தமிழ் முஸ்லிம் நண்பரிடம் சொன்னேன். கடை முழுக்கக் கேட்கும்படி சிரித்தார்.

"பினாங்குல இருந்துக்கிட்டு வெயில் பத்தலையா? வெளிய சொல்லாதீங்க அண்ணே, சிரிப்பாங்க லா! முப்பது வருஷம் வார்ஃப்ல காய்ஞ்சீங்களே, அதெல்லாம் எங்க போச்சு?"

"அது அவ்வளவு நாள் தங்காதாம். வயசான தோலு வெயில்ல நின்னாலும் முன்ன மாதிரி எடுத்துக்காதாம்."

"சரி, நாளையிலேர்ந்து உங்க நாற்காலி வெளிய. தே தாரிக் டீக்குத்தான் காசு. விட்டமின் ஓசி."

ஒரு வாரம் வெளியே உட்கார்ந்தேன். பிறகு மாடி இறங்குவதே பெரிய வேலையாகத் தோன்றியது. ஜன்னலைக்கூடத் திறப்பதில்லை. மாத்திரையை மட்டும் தவறாமல் விழுங்கினேன்.

மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்தார்கள். விட்டமின் அளவு சரியாகிவிட்டிருந்தது. மறுபடி நூறு, மறுபடி ஏழு. இந்த முறை எண்பத்தாறுகூட வரவில்லை.

"அப்ப வீட்ட எப்ப காலி பண்றதுன்னு பாக்கணும்" என்றாள் மகள், மெல்ல.

"அவசரப்படாதீங்க அக்கா" என்றார் டாக்டர். "மனச்சோர்வு இருந்தாலும் வயசானவங்களுக்கு இப்படி மறக்கும், கணக்கு வராது. அது மூளை தேயுற டிமென்ஷியா இல்லாமலும் இருக்கலாம், ரெண்டும் சேந்தும் இருக்கலாம். சோர்வுன்னா மருந்து இருக்கு. ஆனா அங்கிள்தான் உள்ளதச் சொல்லணும்."

முன்பு கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்டார். ஒன்றுமில்லை என்றுதான் வாயில் வந்தது. துறைமுகத்தில் மனபாரம் என்று யாரும் லீவு போட்டதில்லை. ஆனால் அன்று அதைச் சொல்லிச் சமாளிக்கத் தெம்பு இல்லை.

"காலையில முழிச்சதும், ஏன்டா முழிச்சோம்னு இருக்கு டாக்டர். மேல பாத்துக்கிட்டே கெடப்பேன். பல் தேய்க்க மத்தியானம் ஆயிடும். சோத்துல ருசியே இல்ல. இவ அம்மா போனதுலேர்ந்து இப்படித்தான்."

சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்றும் கேட்டார். இல்லை என்றேன். அது உண்மை.

"தெனம் போன் பண்றேனேப்பா" என்றாள் மகள். "சாப்பிட்டாச்சுன்னுதானே சொல்வீங்க?"

"சாப்பிட்டுட்டுத்தான் சொன்னேன்."

அவள் சிரிக்கவில்லை. என் சட்டைக் காலரைச் சரிசெய்வதுபோல் வெகுநேரம் அதையே பிடித்துக்கொண்டிருந்தாள்.

புது மாத்திரை வேலை செய்யப் பல வாரம் ஆகும், எல்லாருக்கும் கேட்கும் என்ற உறுதியும் இல்லை என்றார் டாக்டர். அது தெரியும்வரை வீட்டைக் காலி செய்யும் பேச்சு வேண்டாம் என்று மகளிடம் சொன்னார். மகள் ஒப்புக்கொண்டாள், அடுப்பை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டாள். சாப்பாடு இப்போது கீழே கடையிலிருந்து வருகிறது. ருசி இன்னும் வரவில்லை. ஆனால் என் வீட்டில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறேன்.