பனி மறைத்த திரை

நேற்று சேலத்துத் தியேட்டரில் வயலின்கள் ஒன்றாக எழும்பியதும் கண்ணை மூடிக்கொண்டேன்.

என் சிறுவயதில் ஏற்காட்டு டூரிங் டாக்கீஸுக்குள் மூடுபனி புகுந்து திரையை மறைத்துவிடும். படத்தை நிறுத்த மாட்டார்கள். நனைந்த கம்பளிக்குள் எல்லோரும் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருப்போம். அக்கா காய்ச்சலில் இறந்ததற்கு அடுத்த வருடம், அப்படியொரு பனியில் வயலின்கள் மட்டும் கேட்டன. அக்கா இறந்தபோது அழாத அம்மா, முந்தானையால் கண்ணைப் பொத்திக்கொண்டாள்.

"ஏனுங்க, படத்துல அந்தப் புள்ள செத்துப்போச்சுங்களா?" என்று அப்பாவிடம் கேட்டாள்.

"தெரியலையே. நொம்ப நல்ல புள்ள அது," என்றார் அப்பா.

பனி விலகியபோது கதாநாயகி கிணற்றடியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். அம்மா அழுகையை நிறுத்தவில்லை. அப்பாவும் நிறுத்தச் சொல்லவில்லை.

நேற்று கண்ணைத் திறந்து பார்த்தேன். திரையில் யாரும் சாகவில்லை.