கோமதிசங்கர் சாப்பிடும் நேரம்

கோமதிசங்கர் சோற்றைப் பிசைந்துகொண்டே கிரிக்கெட் பேசுவார். எதிரே மகள் விஜயஸ்ரீ. அவளுடைய தட்டை இவர் பார்த்துவிடக் கூடாது. ஆகவே சன்னல், மின்விசிறி, பக்கத்து வீட்டுக்காரனான என் சட்டைப் பித்தான் என்று கண்ணை எங்கெங்கோ மேயவிடுவார்.

தச்சநல்லூரில் கணக்கு வாத்தியார். எதிரில் யார் வந்தாலும் “சாப்டாச்சா?” என்று கேட்காமல் விடமாட்டார். வீட்டுக்குள் மட்டும் அந்த வார்த்தையை விழுங்கிவிடுகிறார்.

ஐப்பசியில் கந்த சஷ்டிக்கு ஆறு நாளும் பாலும் பழமும்தான் அந்த வீட்டில். கல்லூரிக்குப் போன புதிதில் மகளும் விரதம் இருந்தாள். சஷ்டி முடிந்தது, அவள் முடிக்கவில்லை. செவ்வாய், வெள்ளி, கிருத்திகை என்று நீட்டிக்கொண்டே போனாள். இவருக்குப் பெருமை தாங்கவில்லை. “எம் மவளப் பாத்தீயளா அண்ணாச்சி! பச்சத்தண்ணி பல்லுல படாம இருக்கா!” தெருவே மெச்சியது. என்ன தெருவோ!

மாடிப்படியில் அவள் மயங்கி விழுந்த பிறகுதான் மனநல மருத்துவர் டார்லினிடம் கூட்டிப்போனார்கள். அந்த அம்மா பொறுமையாகச் சொன்னார்: “எடை குறையக் குறைய வயித்துல பசி ஹார்மோன் அதிகமாத்தான் சுரக்கும். பசிக்குதுன்னு மூளைக்குத் தாக்கல் சொல்லிக்கிட்டேதான் இருக்கும். மூளை அதைச் சரியா எடுத்துக்கிட மாட்டேங்கு. இது பக்தியும் இல்ல, பிடிவாதமும் இல்ல. நோய். கூட உக்காந்து சாப்பிடுங்க, தட்டையே பாக்காதீங்க. ஒரு வேளையும் விடக் கூடாது, விட்டா பழையபடி ஆயிரும்.”

அன்று என் வீட்டு வாசலில் நின்று அழுதார் மனுஷர். “பசிச்சுக்கிட்டேதாம்வே இருந்திருக்கு அவ உடம்பு. நான் ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்சிருக்கேன்.”

மருந்தும் பேச்சுமாக, அவள் பைய பையச் சாப்பிட ஆரம்பித்திருந்தாள். அதற்குள் இந்த வருஷத்துச் சஷ்டி வந்துவிட்டது. முதல் நாள் மதியம் நான் அங்கே இருந்தேன். மனைவி அவருக்குப் பாலும் பழமும், மகளுக்குச் சோறும் வைத்தார்.

விஜயஸ்ரீ தட்டைத் தள்ளினாள். “அப்பா மட்டும் விரதம் இருக்கலாம், நான் இருக்கக் கூடாதோ?”

சின்ன வயசிலிருந்து ஒரு வருஷமும் தவறாமல் விரதம் இருப்பவர் அவர். சுவரிலிருந்த முருகன் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“கோவிச்சுக்கிடாதப்பா முருகா” என்றார். பால் தம்ளரை ஒதுக்கினார். ஒரு தட்டை எடுத்துத் தானே சோறு போட்டு, குழம்பை ஊற்றிப் பிசைந்து, முதல் கவளத்தை வாயில் வைத்தார்.