கம்மின்னா எதைவிடக் கம்மி என்று கேட்ட ஸ்டெல்லா

காலை நாஷ்டாவுக்கு உட்கார்ந்திருந்தேன். இரண்டாவது இட்லியைப் பிட்டபோது எங்கள் ஷிப்டு வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. சப்ஸ்டேஷன் ஸ்டெல்லா அன்று விடியற்காலை ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார். சட்னிக் கிண்ணத்தோடு வந்த என் மனைவி கஸ்தூரி என் முகத்தைப் பார்த்து, "இன்னா ஆச்சு? யாரு?" என்றாள். "எங்க சப்ஸ்டேஷன்ல ஒரு பொண்ணு" என்றேன். பன்னிரண்டு வருஷம் பக்கத்து மேஜையில் வேலை பார்த்தவரைப் பற்றி என் வீட்டில் நான் சொன்னது அவ்வளவுதான்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் எங்கள் கம்பி மில்லில் வேலை பார்த்தவர்களுக்கு ஸ்டெல்லாவை நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். மில்லுக்கு வரும் கரண்டை மணிக்கு ஒரு முறை குறித்து வைப்பது அவர் வேலை. அந்த சப்ஸ்டேஷன் அறையின் எலக்ட்ரீஷியன் நான். வயதில் என்னைவிட ஒன்பது வருஷம் சின்னவர், சம்பளத்திலும் ஒரு படி கீழே. உயிரோடு இருந்தவரை "வா, போ" என்றுதான் பேசினேன். எழுத உட்கார்ந்த பிறகுதான் "அவர்" என்று வருகிறது. கொஞ்சம் தாமதம்தான்.

அவருடைய லாக் புக்கைப் பார்த்தவர்கள் அந்தச் சிவப்புக் கோடுகளை மறந்திருக்க மாட்டார்கள். மீட்டர் காட்டும் எண்ணை ஒரு பெருக்கல் எண்ணால் பெருக்கினால்தான் மில் உண்மையில் இழுத்த யூனிட் தெரியும். மீட்டரோடு சேர்ந்த கருவிகளை மாற்றினால் அந்தப் பெருக்கல் எண்ணும் மாறிவிடும். ஒரு முறை அப்படி மாற்றிய மறுநாள் மீட்டர் எண் ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது. அது தெரியாத ஒரு புது மேனேஜர், கரண்ட் செலவைக் குறைத்துவிட்டோம் என்று எங்களுக்கெல்லாம் ஜாங்கிரி வாங்கிக் கொடுத்தார். நாங்களும் வாயைத் திறக்காமல் சாப்பிட்டோம். ஸ்டெல்லா மட்டும் ஜாங்கிரியைக் கையில் வைத்துக்கொண்டே, "சார், கம்மின்னா எதவிட கம்மி? கோட்டுக்கு மேல இருக்கறதயும் கீழ இருக்கறதயும் பக்கத்துல வெச்சுப் பாக்கக் கூடாது சார்" என்றார். கருவி மாறிய அன்றே பக்கத்தின் குறுக்கே சிவப்பு மையில் கோடு போட்டு, புதுப் பெருக்கல் எண்ணையும் எழுதி வைத்திருந்தார். மேனேஜர் முகம் சுருங்கிப் போனது. ஸ்டெல்லா ஜாங்கிரியைச் சாப்பிட்டு முடித்தார்.

அதே பாடத்தை என் தலையில் ஏற்ற அவர் பட்ட பாடு தனிக் கதை.

நாலைந்து வருஷத்துக்கு முன்னால் எங்கள் கேண்டீனில் சினிமா பேச்சு குறைந்து சிப்பு பேச்சு ஏறியது. கார், போன், வாஷிங் மெஷின் எல்லாவற்றுக்கும் செமிகண்டக்டர்தான் உயிர் என்று சாம்பார் ஊற்றுகிறவர்கூடச் சொன்னார். ஒரு செமிகண்டக்டர் கம்பெனியின் பங்கை வாங்காதவன் முட்டாள் என்ற அளவுக்குப் போய்விட்டது. அந்தச் சமயம் பார்த்து, திருவாலங்காட்டுப் பக்கம் இருந்த எங்கள் நெல் நிலத்தை நானும் தம்பியும் விற்றோம். என் பங்காக வந்த பணம் மகனுடைய இன்ஜினியரிங் படிப்புக்கு என்று வைத்திருந்தது. அதைத் தவிர எங்களிடம் வேறு எதுவும் கிடையாது.

நான் சும்மா இறங்கவில்லை, ஆராய்ச்சி செய்துதான் இறங்கினேன் என்பதுதான் வேடிக்கை. யாரோ அனுப்பிய பழைய விலைப் பட்டியல் என் போனில் இருந்தது. தேதி, அன்றைய தொடக்க விலை, உச்சம், தாழ்வு, முடிவு விலை என்று வரிசை வரிசையாக எண்கள். இரண்டு வருஷத்துக்கு முன் அந்தப் பங்கு நாலாயிரம் ரூபாய். அன்றைக்கு எண்ணூற்றுச் சொச்சம். நாலாயிரத்துக்குப் போன பொருள் எண்ணூறுக்குக் கிடைக்கிறது, திரும்ப நாலாயிரத்துக்குப் போகாமலா இருக்கும்? முழுப் பணத்தையும் திங்கட்கிழமை போட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். கஸ்தூரியிடம் சொல்லவில்லை. மகனிடமும் சொல்லவில்லை. ஸ்டெல்லாவிடம் மட்டும் பெருமைக்காகச் சொன்னேன்.

"போன இப்டி குடுங்கணா" என்றார். மேலிருந்து கீழாக விரலால் தள்ளிக்கொண்டே போய் ஓர் இடத்தில் நிறுத்தினார். முதல் நாள் நாலாயிரம், மறுநாள் எண்ணூறு.

"ஒரே நாள்ல அஞ்சுல ஒரு பங்கா விழுந்துக்கீது. அப்டி விழுந்திருந்தா ஊரே கத்தியிருக்கும். யாரும் கத்தலியேணா?"

"அதெல்லாம் உனுக்குத் தெரியாது. மீட்டரப் பாத்து எழுதற வேலைய மட்டும் பாரு" என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன்.

அவர் போனைத் திருப்பித் தந்துவிட்டுப் போய்விட்டார். மறுநாள் என் மேஜையில் ஒரு தாள் இருந்தது. பங்குச் சந்தை இணையதளத்தில் அந்தக் கம்பெனி கொடுத்திருந்த அறிவிப்பைத் தேடி எடுத்து, தமிழில் எழுதி வைத்திருந்தார். பத்து ரூபாய் முகமதிப்புள்ள ஒரு பங்கை, இரண்டு ரூபாய் முகமதிப்புள்ள ஐந்து பங்குகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு பங்கு வைத்திருந்தவனிடம் மறுநாள் ஐந்து பங்கு. விலை குறையவே இல்லை. நான் வைத்திருந்த பட்டியல் அதைக் கணக்கில் எடுக்காத பட்டியல். பிரிப்புக்கு முந்தைய விலைகளையெல்லாம் ஐந்தால் வகுத்து அவர் பக்கத்தில் எழுதியிருந்தார். அதைப் படித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. அந்தப் பங்கு அதற்கு முன் எண்ணூறைத் தாண்டியதே இல்லை. நான் தரை என்று நினைத்துக் கால் வைக்கப் போன இடம் மொட்டை மாடி.

நியாயமாக அங்கேயே மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். "செரி, இப்ப இன்னா பண்றது?" என்று கேட்டேன். அவர் அதையே மன்னிப்பாக எடுத்துக்கொண்டார். டீ வரும் பத்து நிமிஷத்தில் ஒரு வாரம் அந்தப் பட்டியலை இருவரும் படித்தோம். வாங்கு என்றோ வாங்காதே என்றோ ஒரு நாளும் சொல்லவில்லை. சிப்பு தட்டுப்பாடு வந்தபோதெல்லாம் விலை எப்படி ஏறியது, எல்லோரும் ஆலை கட்டிச் சரக்கு குவிந்தபோது எப்படி இறங்கியது என்று காட்டினார். ஒரு முறை பாதிக்கும் கீழே போய், பழைய உச்சத்துக்குத் திரும்ப மூன்று வருஷத்துக்கு நெருக்கமாக ஆகியிருந்தது. அந்த வரிசைக்குப் பக்கத்தில் என் மகன் ஃபீஸ் கட்ட வேண்டிய மாதங்களைப் பென்சிலால் எழுதினார்.

"இந்தப் பள்ளம் மறுபடி வரும்னு சொல்லலணா. வந்துச்சுன்னா, இந்த மாசம் பையன் ஃபீசுக்கு எங்க போவீங்க? விலை எங்க போவும்னு இந்த லிஸ்ட்டு சொல்லாது. நீங்க எத்தினி நாளு தாங்குவீங்கன்னுதான் கேக்குது."

பணத்தை பேங்கில் போட்டேன். உடனே என்ன நடந்தது தெரியுமா? அந்தப் பங்கு நாலு மாதம் ஏறு ஏறு என்று ஏறியது. கேண்டீனில் பிரியாணி விருந்து நடந்தது. "இன்னா நைனா, உன் ஜோசியக்காரி இன்னா சொல்றா?" என்று என்னைப் பேஜார் பண்ணினார்கள். நானும் தினம் மனசுக்குள் ஸ்டெல்லாவைத் திட்டினேன், மறைப்பானேன். ஐந்தாவது மாதம் விலை இறங்க ஆரம்பித்தது. அடுத்த வருஷம் மகனுக்கு ஃபீஸ் கட்ட நான் பேங்க் வாசலில் நின்றபோது அது பாதிக்கு வந்திருந்தது. அன்று ஓடிப்போய், "நீ சொன்ன மாதிரியே விழுந்துட்ச்சு" என்றேன். அவர் லாக் புக்கிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை. "நான் எப்பணா விழும்னு சொன்னேன்? சும்மா என் பேர்ல போடாதீங்க" என்றார்.

போன வருஷம் அவருக்கு உடம்பு கெட்டது. கீமோவுக்குப் போய் வந்த வாரங்களிலும் தலையில் துணி கட்டிக்கொண்டு வேலைக்கு வந்தார். இரண்டு முறை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். "பையன் இன்னா படிக்கறான், கடைசி வருஷமா?" என்றுதான் இரண்டு முறையும் கேட்டார். நன்றி சொல்ல வேண்டும் என்று போய், ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டு வந்தேன்.

அடக்கத்துக்கு கஸ்தூரியும் வருகிறேன் என்றாள். கும்மிடிப்பூண்டிக்கு வெளியே அவர்கள் காலனியில் சின்ன சர்ச். மில்லில் பாதிப் பேர் அங்கே நின்றோம். திரும்பும்போது பஸ்ஸில் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நிலம் விற்ற பணம், நாலாயிரம், எண்ணூறு, அந்தத் தாள், நான் கத்தியது எல்லாம். திட்டுவாள் என்று காத்திருந்தேன். பஸ் பெரியபாளையம் தாண்டியது. அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"புள்ள படிப்பையே காப்பாத்திக் குட்த்தவ. ஒரு நாளு ஊட்டுக்கு இட்டாந்திருந்தா, ஒரு வேள சோறு போட்டிருப்பனே. ஏன் கூப்புடல?"

அவளிடம் பதில் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன். நாங்கள் நிலம் வைத்திருந்த குடும்பம். ஸ்டெல்லாவின் அப்பா அப்படிப்பட்ட நிலங்களில் கூலி வேலை பார்த்தவர். கேண்டீனில் ஸ்டெல்லா கொண்டுவரும் கருவாட்டுக் குழம்பைப் பன்னிரண்டு வருஷம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். என் வீட்டுக்கு வா என்று ஒரு முறைகூடச் சொன்னதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மனை பார்க்க வேப்பம்பட்டுக்கு வந்தவர், ஸ்டேஷனிலிருந்து எனக்கு போன் செய்தார். "உங்க ஊடு இங்கதான? அண்ணியப் பாத்துட்டுப் போறேன்." தெருவில் யார் என்ன கேட்பார்கள் என்று நினைத்தேன். ஊரில் இல்லை, திருப்பாச்சூர் கோயிலுக்கு வந்திருக்கிறோம் என்று சொன்னேன். அப்போது கஸ்தூரி உள்ளே சாதம் வடித்துக்கொண்டிருந்தாள்.

அந்தத் தாளை அவர் எனக்கு எழுதிக் கொடுத்தது அதற்குப் பிறகுதான்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அவர் கணவரையும் மகளையும் கஸ்தூரி சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறாள். நானே ஸ்டேஷனுக்குப் போய் அழைத்து வருவேன். என் மகன் இந்த வருஷம் படிப்பை முடிக்கிறான். அது ஸ்டெல்லா எனக்குக் கொடுத்தது, வாழ்நாள் முழுக்க நன்றியோடு வைத்திருப்பேன். அதோடு சேர்த்து வைத்திருக்க வேண்டியது இன்னொன்றும் இருக்கிறது. அன்று போனை வைப்பதற்கு முன்னால், கொஞ்சமும் சந்தேகப்படாத குரலில் அவர் சொன்னது.

"செரிணா, நல்லா சாமி கும்பிட்டு வாங்க. நான் இன்னொரு தபா வரேன்."