கீழ்த்தளத்து விசில்

ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட்டில், காய்கறி சுத்தம் செய்யும் பின்னறையில், கழுவுதொட்டிக்கு மேலே, கம்பி வலை அடித்த ஒரு துவாரம் இருந்தது. வண்டி நிறுத்தும் கீழ்த்தளத்தின் புகையும் பெட்ரோல் நாற்றமும் அதன் வழியாக மேலே வரும். கூடவே, அங்கே கீரை ஆயும் அவளுடைய கணவரின் விசிலும் வரும்.

பதினாறு வருடமாக அவருக்கு அந்தக் கீழ்த்தளம்தான். வருகிற கார்களுக்கு இடம் காட்டுவார். போகிற கார்களைத் தூணில் இடிக்காமல் பின்னால் எடுத்துவிடுவார். வலது கை ஓட்டுகிறவருக்கு, இடது கை பின்னால் வரும் வண்டிக்கு. விசிலைப் பிடிக்க மூன்றாவது கை கிடையாது. அதனால் அது முன்பற்களுக்கு நடுவே எப்போதும் கடிபட்டே கிடக்கும். விசிலோடே பேசுவார், விசிலோடே திட்டுவார். அவர் பெயர் அங்கே பாதிப் பேருக்குத் தெரியாது. 'விசிலண்ணே' என்றால் போதும்.

"அக்கா, அண்ணன் தூங்கும்போதாவது அதைக் கழட்டுவாரா?" என்று எடைபோடும் பெண் கேட்பாள்.

"கழட்டுவாரு. அப்புறம் மூக்கால ஊதுவாரு."

அந்தப் பெண்ணிடம் மட்டும்தான் அவளுக்கு இவ்வளவு பேச்சு வரும். மற்றவர்கள் முன்னால் அவள் வாய் பூட்டுப் போட்டதுபோல் இருக்கும். அழுகிய இலையைக் கிள்ளி, கீரையைக் கட்டி அடுக்கிக்கொண்டு, காதை மட்டும் கீழே வைத்திருப்பாள். நீளமாக ஒரு ஊதல் என்றால் 'வரலாம்'. இரண்டு குட்டை என்றால் 'நில்லு'. அடுத்தடுத்து நாலைந்து வந்தால், எவனோ சொல்பேச்சு கேட்காமல் வண்டியைத் திருப்புகிறான் என்று அர்த்தம்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு காலை, கைகழுவும் தொட்டியில் அவர் துப்பிய நுரை சிவப்பாக இருந்ததைப் பார்த்தாள்.

"என்னங்க, ரத்தம் வருது."

"ஈறு கொஞ்சம் புண்ணாயிருக்கு. தன்னால ஆறிடும்."

மறுநாளிலிருந்து அவர் அந்தப் பக்கம் பிரஷ் போடுவதையே விட்டுவிட்டார். "புண்ணைப் போய் யாராவது தேய்ப்பாங்களா?" என்றார். கேட்டால் சரியாகத்தான் பட்டது. அவள் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள்.

வாய் நாறத் தொடங்கி, ஈறு வீங்கி, ஒரு நாள் வலி பொறுக்காமல் பல் டாக்டரிடம் போனார். டாக்டர் பல்லின் அடியில் கல்லாக இறுகிக் கிடந்த அழுக்கைச் சுரண்டி எடுத்து, இன்னும் மூன்று தடவை வரச்சொன்னார். வீட்டுக்கு வந்து நாக்கால் தடவிப் பார்த்தவர் எரிந்து விழுந்தார்.

"நல்லா இருந்த பல்லுடீ. தட்டித் தட்டி ஆட்டிவிட்டுட்டான். இனிமே அந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்கமாட்டேன்."

ஆடுகிற பல்லை அந்தக் கல்தான் இத்தனை நாள் முட்டுக் கொடுத்து நிறுத்தியிருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவள் காதிலும் அது விழுந்திருந்தது. ஆனாலும் அவள் சொல்லவில்லை. கோபமாக இருக்கும் மனிதரிடம் என்ன பேச்சு, ரெண்டு நாள் போகட்டும் என்று இருந்துவிட்டாள். ரெண்டு நாள் ரெண்டு வருடமாயிற்று.

ஒரு நாள் துவாரத்தின் வழியாக வந்த விசிலில் சத்தத்தைவிடக் காற்று அதிகமாக இருந்தது. அவள் கத்தியை வைத்துவிட்டு நின்று கேட்டாள். அடுத்ததும் அப்படித்தான். சாயங்காலம் அவரைக் கவனித்தாள். விசில் நடுவில் இல்லை. இடப்பக்கக் கோரைப்பல்லுக்கு நகர்ந்திருந்தது.

இந்தத் தடவை அவள் விடவில்லை. கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு போனாள். டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் காட்டினார்.

"பல்லுல ஒரு சொத்தை கிடையாதுய்யா. அருமையான பல்லு. செடி நல்லாயிருந்து என்ன பண்றது, அடிமண்ணு போச்சே."

"விசில் ஊதலாமில்ல டாக்டர்?" என்று அவர் கேட்டார்.

"ஊதுங்க. கடிக்காதீங்க."

"கடிக்காம எப்படி? ரெண்டு கையும் வேலையா இருக்குமே."

டாக்டர் கையுறையைக் கழற்றினார். அப்போதுதான் அவள் வாய் திறந்தாள். ஒரு டாக்டர் முன்னால் அவள் கேட்ட முதல் கேள்வி அது.

"சாப்பாட்டுல ஏதாவது சேத்துக்கணுங்களா?"

"சேத்துக்கலாம்மா. கொய்யா, ஆரஞ்சு, கீரை, முட்டை, பாலு, மீனு. டீயில சர்க்கரையைக் குறைங்க. ஒழுங்கா பல்லும் தேய்ச்சா ஈறு ஆற உதவும். ஆனா கரைஞ்சுபோன எலும்பு திரும்பி வராது."

முதலில் சொன்னதை அவள் இறுகப் பிடித்துக்கொண்டாள். கடைசியாகச் சொன்னதை அந்த அறையிலேயே விட்டுவிட்டு வந்தாள்.

கீழ்த்தளத்தில் அவருக்கு ஆகாரம் என்பது நாலு வேளைச் சர்க்கரை டீயும் அதில் தோய்த்த பன்னும்தான். மெல்ல வேண்டாம், வலிக்காது. அதை நிறுத்தினாள். அடிபட்டதென்று ஒதுக்கும் கொய்யாவை மேலாளரிடம் கேட்டு எடுத்துவந்தாள். முதலில் துண்டு போட்டுக் கொடுத்தாள்; பிறகு தீக்குச்சி போல நறுக்கினாள்; பிறகு கரண்டியால் சுரண்டிக் கொடுத்தாள். கீரையைக் கடைந்து, முட்டையை அவித்து மசித்து, மீனில் முள் ஒவ்வொன்றாகப் பார்த்து எடுத்து வைத்தாள்.

"எனக்குச் சோறு ஊட்டுறியா, குருவிக்கு இரை வைக்கிறியா?"

"குருவி இப்படி வாயாடாது. சாப்பிடுங்க."

புளிப்பில்தான் சத்து என்று யாரோ சொல்ல, எலுமிச்சையைப் பிழிந்து அவர் ஈறில் தேய்த்தும் விட்டாள். அவர் துள்ளிக் குதித்ததில் சொம்பு உருண்டது. பழத்தைத் தின்னத்தான் சொன்னேன், பூசச் சொல்லவில்லை என்று டாக்டர் அடுத்த தடவை தலையில் கைவைத்துக்கொண்டார். ஆம், அடுத்த தடவை இருந்தது. அவர் இப்போது தவறாமல் போனார்.

இரண்டு மாதத்தில் நுரை வெள்ளையானது. அவள் தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, யாரும் இல்லாத அடுப்படியில் தனியாகச் சிரித்தாள்.

ஆனால் வீக்கம் வடிந்த ஈறு மேலே ஏறி நின்றது. பற்கள் நீளமாக, வேர் தெரிய, ஒன்றுக்கொன்று கோபித்துக்கொண்டதுபோல் விலகின. வீங்கிய சதையாவது கொஞ்சம் இறுக்கிப் பிடித்திருந்தது. இப்போது அதுவும் இல்லை. ஈறு ஆற ஆற, விசில் நழுவியது. சைக்கிள் ட்யூபை வெட்டி விசிலுக்கு உறை போட்டார். அதைக் கடித்தும் நிற்கவில்லை. நூலில் கட்டிக் காதில் மாட்டிப் பார்த்தார். எடைபோடும் பெண்கூட இப்போது விசிலைப் பற்றிக் கேலி பேசுவதில்லை.

அன்று காலை பதினொன்று இருக்கும். கீழே நீளமாக ஒரு ஊதல் தொடங்கியது. 'நில்லு' என்பதற்கு முதல் குட்டை ஊதல் வந்தது. இரண்டாவது வரவில்லை. இழுபட்ட காற்று மட்டும் வந்தது. பிறகு கண்ணாடி நொறுங்கும் சத்தம்.

ஓட வேண்டும் என்று நினைத்தாள். கை தன் பாட்டுக்குக் கிள்ளிக்கொண்டே இருந்தது. பார்த்தால், இலையெல்லாம் குப்பையிலும் வெறும் தண்டு கீரைக்கட்டிலும் இருந்தன.

யாருக்கும் அடியில்லை. ஒரு காரின் பின்விளக்கு தூணில் மோதி உடைந்திருந்தது. அவர் அதே தூணில் சாய்ந்து குந்தியிருந்தார். விசில் தரையில் கிடந்தது. ட்யூப் உறையில் ஒரு முன்பல் குத்தி நின்றது.

மேலாளர் கெட்டவர் இல்லை. சத்தம்கூடப் போடவில்லை.

"இப்ப வர்ற காரெல்லாம் பின்னால எடுக்கும்போது தானே கீச்சு கீச்சுனு கத்துதுய்யா, ஆனாலும் அங்க விசில் வேணும். பழைய ஆளுன்னுதான் உன்னை அங்க வச்சிருந்தேன். அதையும் ஊத முடியலன்னா நான் என்ன செய்ய? மேல வந்து தள்ளுவண்டி பொறுக்கி அடுக்கு."

ஆடிய மற்ற மூன்றையும் டாக்டர் எடுத்துவிட்டார். கட்டுப்பல் வைத்துக்கொள்ளலாம், பேசலாம், சாப்பிடலாம் என்றார். அவர் ஒன்றே ஒன்று கேட்டார். டாக்டர் இல்லை என்று தலையாட்டினார்.

இப்போது அவர் வாடிக்கையாளர்கள் விட்டுவிட்டுப் போகும் தள்ளுவண்டிகளை ஒன்றுக்குள் ஒன்று செருகித் தள்ளிக்கொண்டு வாசலுக்கும் உள்ளுக்கும் நடக்கிறார். காய்கறிப் பக்கம் வருவதில்லை. 'விசிலண்ணே' என்று யாராவது பழக்கத்தில் கூப்பிட்டால் திரும்புவதில்லை.

கீழ்த்தளத்துக்குப் புது ஆள் வந்தார். முதல் நாள் அவள் கீரைக்குக் குனிந்தபோது துவாரத்திலிருந்து வந்தது விசில். பிசிறில்லாமல், ஓரம் மழுங்காமல், காதில் குத்துகிற சத்தம். பதினாறு வருடத்துக்கு முன்னால் அவர் சத்தமும் இப்படித்தான் இருந்திருக்கும். அவள் கோணிப்பையை மடித்து வலையில் செருகிப் பார்த்தாள். புகையை அடைத்தது. சத்தத்தை அடைக்கவில்லை.

சாயங்காலம் வீட்டில் கொய்யாவை வேகவைத்து மசித்து, விதையை வடிகட்டி, கிண்ணத்தில் போட்டு அவர் முன்னால் வைத்தாள். இனி எதற்கு என்று அவர் கேட்கவில்லை. எதற்கென்று அவளுக்கும் தெரியவில்லை. பின்பற்கள் இருக்கின்றன, அவற்றிலும் இரண்டு ஆடுகின்றன.

ரெண்டு கரண்டி சாப்பிட்டுவிட்டுக் கேட்டார்: "புது ஆளு எப்படி ஊதுறான்?"

"என்னத்த ஊதுறான். காத்துதான் வருது. உங்கள மாதிரி வருமா?"

அவர் கிண்ணத்தை வழித்து முடித்தார். பிறகு உதட்டைத் துடைத்துக்கொண்டார். முன்பல் இல்லாததால் சொற்கள் காற்றோடு கலந்து வந்தன.

"நானும் இப்ப மேலதானடீ இருக்கேன். எனக்கும் கேக்குது." கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினார். "நல்லாத்தான் ஊதுறான். முழுப் பல்லு."